மகன் கோச் ஆகப் போகிறானாம்

வாசகர் கடிதம்:

ஐயா, நாங்கள் டாலஸ் பக்கம் இருபத்தைந்து வருடமாக இருக்கிறோம். மகனுக்கு வயது 22, இங்கேயே பிறந்தவன். டெக்சாஸில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்கப் போகிறான். நான்கு வருடமும் அந்தக் கல்லூரி ஃபுட்பால் அணியின் வீடியோ அறையில் மாணவ உதவியாளனாக இருந்தான். பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தோம். இப்போது கையில் வந்த ஐ.டி. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கான்சஸில் ஏதோ சின்ன ஊர்க் கல்லூரிக்கு 'கிராஜுவேட் அசிஸ்டென்ட்' ஆகப் போகிறேன் என்கிறான். அசிஸ்டென்ட் கோச் ஆவதுதான் லட்சியமாம். பள்ளியில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி, அவன் விளையாடியதே இல்லை. அவன் அப்பா மூன்று வாரமாக அவனோடு பேசவில்லை. இது ஒரு வேலையா? எதிர்காலம் உண்டா? தடுப்பதா, விடுவதா? நாளைக்குப் பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பார்களே, என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் கவலைதான் தெரிந்தது. இரண்டாம் முறை 'வீடியோ அறையில் நான்கு வருடம்' என்ற வரியில் கண் நின்றுவிட்டது. நான் ஒரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் பதினோரு வருடம் ஃபுட்பால் மாணவர்களின் படிப்பைக் கவனிக்கும் வேலையில் இருந்தவன். அந்த வீடியோ அறைப் பிள்ளைகளை நன்றாகத் தெரியும். விளையாட்டு மோகத்தில் வருகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே கழன்றுகொள்வார்கள். வெயிலில் கோபுரம் ஏறி நின்று பயிற்சியைப் படம் பிடிப்பது, ராத்திரி அதை வெட்டி அடுக்குவது, காலையில் கோச் வருவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இதையெல்லாம் நான்கு வருடம் செய்தவனுக்கு இந்தத் தொழில் எப்படி இருக்கும் என்று தெரியும். தெரிந்துதான் ஆசைப்படுகிறான். தெரியாதது உங்களுக்கும் அவன் அப்பாவுக்கும்தான். அதனால் முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், தடுப்பதா விடுவதா என்பதை அப்புறம் பார்ப்போம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி அளவில் அது பெரும் வியாபாரம். ஆனால் ஆடுகிறவர்கள் மாணவர்கள், சொல்லித்தருகிறவர்கள் பல்கலைக்கழக ஊழியர்கள். அந்த ஊழியர்களில் ஒருவனாகத்தான் உங்கள் மகன் ஆகப் பார்க்கிறான்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவின் மேல்தட்டுக்கு எஃப்.பி.எஸ். என்று பெயர். டி.வி.யில் நீங்கள் பார்க்கும் டெக்சாஸ், அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் எல்லாம் அதில்தான். 2025 சீசனில் அதில் 136 கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட் கோச், அவருக்குக் கீழே பத்து அசிஸ்டென்ட் கோச்சுகள். ரொம்ப நாள் ஒன்பதாக இருந்தது, 2018 ஜனவரியில்தான் பத்தாக்கினார்கள். கணக்குப் போட்டால் நாடு முழுவதற்கும் 1,360 நாற்காலி. உங்கள் மகன் கண் வைத்திருப்பது அதில் ஒன்றின் மேல்தான்.

பத்துப் பேரும் ஒரே தரம் இல்லை. இரண்டு பேர் கோஆர்டினேட்டர்கள், ஒருவர் தாக்கும் அணிக்கு, ஒருவர் தடுக்கும் அணிக்கு. சில இடங்களில் கிக், ரிட்டர்ன் வேலைகளுக்கு மூன்றாவதாக ஒருவரும் உண்டு. மற்றவர்கள் ஆளுக்கொரு வரிசையைப் பார்த்துக்கொள்வார்கள்: குவார்ட்டர்பேக், ரிசீவர், லைன்மேன், லைன்பேக்கர் என்று. ஒரு வாத்தியாருக்கு ஒரு வகுப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மைதானத்தில் கத்துவது கொஞ்ச நேரம். மீதி வாரம் முழுக்க ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பையன்களை உட்காரவைத்து, ஓடிய படத்தையே திரும்பத் திரும்பப் போட்டு, 'இந்த இடத்தில் உன் கால் ஏன் அங்கே இருக்கிறது' என்று கேட்பதுதான் வேலை.

கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்பவர் இந்தப் பத்துப் பேரிலும் சேர்த்தி இல்லை. ஜி.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். முதுகலை படிக்க வேண்டும், கூடவே கோச்சிங் எடுபிடி வேலையும் பார்க்க வேண்டும். படிப்புச் செலவைக் கல்லூரி ஏற்கும், கைச்செலவுக்குக் கொஞ்சம் ஸ்டைபெண்ட் கொடுக்கும். முதல் பிரிவில் பொதுவாக இரண்டு வருடம்தான் இப்படி இருக்கலாம். அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் பழைய ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொரு பிளேயையும் (பந்தை எடுத்து ஆடி, ஆட்டம் நிற்கும்வரை ஒரு பிளே) எத்தனையாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் எத்தனையாவது), எத்தனை கெஜம் பாக்கி, பந்து எந்தப் பக்கம், எத்தனை ரிசீவர், எப்படி நின்றார்கள் என்று பிரித்துக் குறிக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்து ஏறக்குறைய 130 பிளே வரும். அப்படி நான்கைந்து ஆட்டம். அதிலிருந்து எதிராளியின் முக்கியமான பிளேக்களை அட்டைகளில் வரைந்து, பயிற்சியில் தூக்கிக் காட்டினால், நம் இரண்டாம்தர ஆட்டக்காரர்கள் எதிராளி மாதிரியே ஆடிக் காட்டுவார்கள். இந்த அட்டை வரைகிற வேலையில் விரல் காய்த்துப்போன ஹெட் கோச்சுகள் நிறையப் பேர். ஞாயிறு லீவு என்று நினைக்காதீர்கள். முந்தின நாள் ஆட்டத்துக்கு மார்க் போடுவதும், அடுத்த எதிராளியைப் பிரிக்கத் தொடங்குவதும் அன்றைக்குத்தான். மாணவர்கள் சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை.

கான்சஸ் என்றதும் உங்களுக்கு மனசு சுருங்கியிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய கல்லூரியில் ஜி.ஏ. ஆனால் பெயர் பெரிது, ஆனால் அட்டை வரைவதிலேயே இரண்டு வருடம் ஓடிவிடும். அங்கே முன்னாள் கோஆர்டினேட்டர்களே, அந்தப் பத்துப் பேர் கணக்கில் வராத அனலிஸ்ட் என்ற பெயரில் வரிசையில் நிற்கிறார்கள். 2024 ஜூனில் விதியைத் தளர்த்தி, அந்த அனலிஸ்டுகளும் மைதானத்தில் மாணவர்களுக்குச் சொல்லித்தரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். வெளியூர் போய் ஆள் சேர்ப்பதற்கு மட்டும் இன்னும் ஹெட் கோச்சும் அந்தப் பத்துப் பேரும்தான். ஆக, பெரிய இடத்தில் கூட்டம் கூடிவிட்டது. சின்ன இடத்தில் ஆள் பஞ்சம். இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் ஜி.ஏ. கையில் ஒரு வரிசையையே கொடுத்துவிடுவதுண்டு. இருபத்திரண்டு வயதில் தனக்கென்று எட்டுப் பையன்கள், தோற்றால் தன் பெயர் அடிபடும் என்கிற நிலை. கோச் ஆவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

கிர்பி ஸ்மார்ட் போன பாதையைப் பாருங்கள். இன்று ஜார்ஜியாவின் ஹெட் கோச், இரண்டு தேசிய சாம்பியன்ஷிப் ஜெயித்தவர். ஜார்ஜியாவில் ஆடிமுடித்து, ஒரு வருடம் அங்கேயே நிர்வாக உதவியாளர். 2000இல் வால்டோஸ்டா ஸ்டேட் என்கிற இரண்டாம் பிரிவுக் கல்லூரிக்குப் போய் அடுத்த வருடமே அங்கே டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? ஃபுளோரிடா ஸ்டேட்டில் மறுபடி ஜி.ஏ.! கோஆர்டினேட்டராக இருந்தவர் திரும்பிப் போய் அட்டை வரைந்தார். பிறகு எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்), ஜார்ஜியா, ஒரு வருடம் மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணி, 2007 முதல் ஒன்பது சீசன் அலபாமா. 2015 கடைசியில்தான் ஹெட் கோச். ஒரிகான் ஹெட் கோச் டான் லானிங் கதை இன்னும் கொஞ்சம் வேகம். மிசௌரியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாராகவும் கோச்சாகவும் இருந்தவர், 2011இல் பிட்ஸ்பர்க் வரை ராத்திரி முழுக்கக் கார் ஓட்டிப் போய் வேலை கேட்டு வாங்கினார். அலபாமாவில் 2015இல் அவரும் ஜி.ஏ.தான்.

விளையாடாதவன் என்று எழுதியிருக்கிறீர்கள். குறைதான், மறைக்கவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது கூட ஆடிய பழைய தோழனைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆனால் கதவு மூடியே கிடக்கிறது என்று சொல்ல முடியாது. மைக் லீச் கல்லூரி ஃபுட்பால் ஆடியதே இல்லை. சட்டம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வக்கீல் வேலைக்குப் போகாமல் சின்னச் சின்னக் கல்லூரிகளில் அசிஸ்டென்ட் கோச்சாக அலைந்தார். நடுவில் ஃபின்லாந்து வரை போய்க் கோச் செய்தார். அயோவா வெஸ்லியன் என்ற குட்டிக் கல்லூரியில் ஹால் மம்மியோடு சேர்ந்து அவர் வளர்த்தெடுத்த, பந்தை எறிந்துகொண்டே இருக்கும் ஆட்டமுறை இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2000இல் உங்கள் டெக்சாஸுக்கே, டெக்சாஸ் டெக்கின் ஹெட் கோச்சாக வந்தார். (அந்த அயோவா கல்லூரி 2023இல் பணமில்லாமல் மூடப்பட்டது. ஆட்டமுறை பிழைத்தது, கல்லூரி பிழைக்கவில்லை.) அவர் அப்பா அம்மாவும் வக்கீல் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு என்ன நினைத்தார்களோ!

நம் பக்கத்து ஆள் யாரும் இல்லையா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கலாம். இந்திய வம்சாவளியான சஞ்சய் லால் இருக்கிறார். கல்லூரிகளில் தொடங்கி ரெய்டர்ஸ், ஜெட்ஸ், கௌபாய்ஸ், சீஹாக்ஸ் என்று தொழில்முறை அணிகளில் ரிசீவர் கோச்சாக வருடக்கணக்கில் இருந்தவர். உங்கள் ஊர் கௌபாய்ஸிலேயே இருந்திருக்கிறார். ஆனால் அவர் ஆடியவர். நம்மவர்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு என்பதுதான் நிஜம்.

இனிப் பணம். இங்கேதான் பெற்றோர் இரண்டு பக்கமும் தடுமாறுகிறார்கள். இணையத்தில் தேடினால் அசிஸ்டென்ட் கோச்சுக்கு 31 லட்சம் டாலர் என்று வரும். பொய் இல்லை. 2025 ஜனவரியில் ஒஹாயோ ஸ்டேட் தேசிய சாம்பியன் ஆனதும், அதன் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸை பென் ஸ்டேட் ஏறக்குறைய அந்தச் சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டது. நாட்டிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் அசிஸ்டென்ட் என்று எழுதினார்கள். அதே வருடம் அக்டோபரில் பென் ஸ்டேட் ஹெட் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கிவிட்டார்கள். பத்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை, நோல்ஸை அழைத்துவந்தவர் போய்விட்டார். உச்சியில் இருப்பவருக்கே இந்தக் கதி. மறுமுனையில், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் பகுதிநேர அசிஸ்டென்ட்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே கோச் செய்கிறார்கள். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, பையன்கள் ஃபீஸ் கட்டிப் படிக்கிறார்கள். அதனால் சின்னத் தனியார் கல்லூரிகளில் அசிஸ்டென்ட் கோச் என்பவர் பாதி அட்மிஷன் ஆபீசர். அவர் பிடித்துவரும் பையன்களின் ஃபீஸில்தான் கல்லூரி விளக்கு எரிகிறது.

சகோதரி, நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்: அசிஸ்டென்ட் கோச்சுக்கு வேலை கொடுப்பது பல்கலைக்கழகம் என்று சம்பளச் சீட்டில் இருக்கும். உண்மையில் அவருடைய வேலை ஹெட் கோச்சின் தலைவிதியோடு கட்டிவைக்கப்பட்டது. அவர் ஜெயித்தால் வேலை. அவர் தோற்றால் அடுத்து வருபவர் தன் ஆட்களோடு வருவார். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெட் கோச்சை நீக்கினார்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு ஒன்பது அசிஸ்டென்ட்களும் வந்து உட்கார்ந்தார்கள். என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. லைன்மேன்களின் கோச் வழக்கம்போல ஃபிலிமைப் போட்டுப் பையன்களுக்கு மார்க் சொன்னார். சீசன் முடிய ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. மதியம் அவர் என் அறைக்கு வந்து கேட்ட ஒரே கேள்வி, தன் பெண்ணை வருட நடுவில் பள்ளி மாற்றினால் கணக்குப் பாடத்தில் கஷ்டப்படுவாளா என்பதுதான். அந்தப் பெண்ணுக்கு அது நாலாவது பள்ளி.

ஹெட் கோச் அப்படியில்லை. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது ஏறக்குறைய 7.6 கோடி டாலர். அசிஸ்டென்ட்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடம்தான். நீக்கினால் மீதிச் சம்பளம் உண்டு என்றாலும், வேறு வேலை தேட வேண்டும், கிடைத்தால் அந்தச் சம்பளத்தை இதில் கழித்துக்கொள்வோம் என்று ஒரு பிரிவு இருக்கும். கோச்சுகளுக்கு யூனியனும் கிடையாது. 1922இல் தொடங்கிய ஒரு சங்கம் உண்டு, அது மாநாடு நடத்தும், பேரம் பேசாது. தொண்ணூறுகளில் கூடைப்பந்தில் கடைசி நிலை அசிஸ்டென்ட் கோச்சின் வருமானத்துக்கு வருடம் 16,000 டாலர் என்று என்.சி.ஏ.ஏ. உச்சவரம்பே போட்டது. கோச்சுகள் வழக்குப் போட்டார்கள். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது, அடுத்த வருடம் 5 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பாவம், அதற்குள் பல பேர் தொழிலையே விட்டுவிட்டிருப்பார்கள்.

ஹெட் கோச் தோற்காமல், ஜெயித்து வேறு இடம் போனாலும் சிக்கல்தான். 2025 நவம்பர் கடைசியில் லேன் கிஃபின், அணி பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) ஆடவிருந்த நேரத்தில், ஓல் மிஸ் என்கிற மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை விட்டு எல்.எஸ்.யு.வுக்குக் கிளம்பினார். அவர் கூடப் போவதா, இருந்து பிளேஆஃபை முடிப்பதா என்று அசிஸ்டென்ட்கள் ஒரே ராத்திரியில் முடிவெடுக்க வேண்டிய நிலை. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பீட் கோல்டிங் தங்கினார், ஹெட் கோச்சும் ஆனார். இன்னும் சிலர் புது வேலையை ஒப்புக்கொண்டு, பழைய அணிக்கே திரும்பி வந்து பிளேஆஃபை ஆடவைத்தார்கள். பெட்டி ஒரு ஊரில், மனசு ஒரு ஊரில்.

ஆள் சேர்ப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பெரிய கல்லூரி அசிஸ்டென்ட்டின் மதிப்பில் பாதி அவர் மேல்நிலைப் பள்ளிப் பையன்களை எப்படிக் கவர்ந்து கொண்டுவருகிறார் என்பதில் இருக்கிறது. வெளியே போய் ஆள் சேர்க்க வருடா வருடம் விதிகளில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். போன் கையைவிட்டு இறங்காது. டிசம்பர் தொடக்கத்தில் பையன்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்துப் போடுவார்கள். 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) வந்தபிறகு, சேர்த்த பையன் அடுத்த வருடமே வேறு கல்லூரிக்குப் போய்விடலாம் என்றாகிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே மாணவர்களுக்குப் பணம் பங்கு போட்டுக் கொடுக்கின்றன, முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அதனால் கோச் சொல்லும் அன்பான வார்த்தைக்குப் பழைய விலை இல்லை என்று மூத்தவர்கள் புலம்புகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பதினேழு வயதுப் பையனின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவன் அம்மா கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் கோச்சை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா கேட்பதும் கிட்டத்தட்ட நீங்கள் எனக்கு எழுதியதுதான்: இதில் என் மகனுக்கு எதிர்காலம் உண்டா? இன்னும் சில வருடத்தில் அந்தக் கேள்விக்கு உங்கள் மகன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லோரும் ஹெட் கோச் ஆகத்தான் இதில் வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வர்ஜீனியா டெக்கில் பட் ஃபாஸ்டர் என்பவர் 1987இல் சேர்ந்து 2019 வரை இருந்தார், அதில் இருபத்தைந்து சீசன் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அங்கே அவர் அணியின் அடையாளமே ஒரு பழைய தகரச் சாப்பாட்டு டப்பா. தொழிலாளி வேலைக்குக் கொண்டுபோவது மாதிரியான டப்பா. 2006இல் சிறந்த அசிஸ்டென்ட் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கினார். ஹெட் கோச் ஆகாமலே ஓய்வுபெற்றார். அயோவாவில் ஃபில் பார்க்கர் 1999இல் வந்தவர், இருபது வருடத்துக்கு மேல் அதே ஊர்தான், 2023இல் அதே விருது. இவர்களுக்கு வாய்த்தது ஒரே இடத்தில் நிலைத்து நின்ற ஹெட் கோச். அது திறமையில் வராது, அதிர்ஷ்டத்தில் வரும். இன்று அந்த அதிர்ஷ்டம் அரிதாகிக்கொண்டே போகிறது.

நீங்கள் இருக்கும் மாநிலம் ஒரு விதத்தில் உங்களுக்கு வரம். டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் கோச் என்பது மரியாதையான, சம்பளம் உள்ள, பென்ஷன் உள்ள வேலை. கூடவே பாடமும் எடுக்க வேண்டும், அதற்கு ஆசிரியர் சான்றிதழ் வேண்டும். உங்கள் டாலஸ் பக்கத்து சீடர் ஹில் பள்ளியில் மூன்று மாநிலப் பட்டம் ஜெயித்த ஜோயி மெக்வையர், அங்கிருந்து பெய்லரில் அசிஸ்டென்ட்டாகப் போய், 2021இல் டெக்சாஸ் டெக் ஹெட் கோச் ஆனார். ஜெஃப் டிரெய்லர் கில்மர் பள்ளியிலிருந்து கிளம்பி இன்று யு.டி. சான் அன்டோனியோவில் ஹெட் கோச். ஆக, கல்லூரியில் வாய்ப்பு அடைபட்டாலும் திரும்பிவந்து நிற்க இங்கே ஒரு படி இருக்கிறது, அந்தப் படியிலிருந்து மறுபடி ஏறவும் முடிகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் கணக்கோ கம்ப்யூட்டரோ எடுக்கத் தகுதி வாங்கிவைத்துக்கொண்டால், பள்ளிகள் விடாது.

கம்ப்யூட்டர் படிப்பு வீண்போகிறதே என்ற வருத்தமும் வேண்டாம். ஃபிலிமைப் பிரித்துக் குறிப்பது எல்லாமே இன்று டேட்டா. நாலாவது டவுனில் ஆடலாமா, உதைத்துவிடலாமா என்பதற்கே மாடல் போட்டுக் கையில் அட்டையோடு நிற்கிறார்கள். மற்ற ஜி.ஏ.க்கள் ராத்திரி இரண்டு மணி வரை கையால் செய்வதை இவன் ஒரு சின்ன புரோகிராம் எழுதி முடித்தால், மறுநாளே கோஆர்டினேட்டருக்கு இவன் பெயர் தெரிந்துவிடும். விளையாடாத குறையை ஈடுகட்ட அவனிடம் இருக்கும் சரக்கு இதுதான். ஒரு எச்சரிக்கையும் உண்டு: இந்தக் கெட்டிக்காரத்தனமே ஆளைக் கவிழ்த்தும் விடும். மிச்சிகனில் கானர் ஸ்டாலியன்ஸ் என்ற கீழ்நிலை ஊழியர், அடுத்து மோதவிருக்கும் அணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி அவர்கள் சைகைகளைப் படம் பிடிக்கவைத்தார். நேரில் போய் வேவு பார்ப்பது 1994லிருந்தே தடை. 2023இல் விஷயம் வெடித்து அவர் வெளியேறினார். 2025 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ. அவருக்கு எட்டு வருடத் தண்டனை விதித்தது, அதுவரை அவரை எடுக்க நினைக்கும் எந்தக் கல்லூரியும் விளக்கம் சொல்லியாக வேண்டும். மேலே இருப்பவரைச் சந்தோஷப்படுத்தும் அவசரம் ஒரு இளைஞனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மகனோடு ஒருநாள் பேசுங்கள்.

சரி, தடுப்பதா விடுவதா? விடுங்கள், ஆனால் கணக்கோடு விடுங்கள். அந்த ஐ.டி. கம்பெனியிடம் மரியாதையாகப் பேசி, தொடர்பை அறுக்காமல் விலகச் சொல்லுங்கள். கான்சஸ் கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. படிப்புச் செலவு முழுதும் தள்ளுபடியா, பாதியா. ஸ்டைபெண்ட் பத்து மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா. தங்க இடம் தருவார்களா. ஹெட் கோச் போனால் மாஸ்டர்ஸ் முடிக்கும்வரை சலுகை தொடருமா. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்டவர்கள் பிழைத்தார்கள். சில கல்லூரிகள் படிப்புச் சலுகையையும் வருமானமாகக் காட்டி வரி பிடிக்கும், அதையும் விசாரிக்கட்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு 26 வயது வரை உங்கள் பாலிசியிலேயே இருக்கலாம். உங்கள் மகன் இங்கே பிறந்தவன், விசாத் தொல்லை இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. ஜி.ஏ. வேலை அதற்குள் அடங்குவது கஷ்டம்.

மாஸ்டர்ஸ் என்ன பாடம் என்று அவன் சொல்லவில்லை போலிருக்கிறது. விளையாட்டு நிர்வாகம் என்று எல்லோரும் எடுப்பார்கள். டேட்டா சம்பந்தமாகவோ கல்வி சம்பந்தமாகவோ கிடைத்தால் அதை எடுக்கச் சொல்வேன். இரண்டு வருடம் முடிந்து, இன்னும் ஒரு வருடம், ஆக மூன்று. அதற்குள் சம்பளமுள்ள ஒரு வரிசைக் கோச் வேலை கிடைக்கவில்லை என்றால் டெக்சாஸ் பள்ளிக்கோ ஐ.டி.க்கோ திரும்புவது என்று அவனே தேதி வைக்கட்டும். நீங்கள் வைக்காதீர்கள். ஜனவரியில் கோச்சுகள் சங்கத்தின் மாநாடு நடக்கும், அங்கே ஹோட்டல் லாபியில் கோட்டும் சூட்டுமாக இளைஞர்கள் பயோடேட்டாவோடு நிற்பார்கள். அந்தப் பயணச் செலவை மட்டும் நீங்கள் கொடுங்கள். வாடகையைக் கொடுக்காதீர்கள்.

அவன் அப்பாவுக்கு: அவரை ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. வசந்தகாலப் பயிற்சி சமயத்தில் ஒருநாள் மகன் உட்கார்ந்து ஃபிலிம் பிரிப்பதை அரைமணி நேரம் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அவரும் ஏதோ ஒரு வேலையை நுணுக்கமாகச் செய்து பிழைத்தவர்தானே, புரிந்துவிடும்.

கடைசியாக, பெண் பார்க்கும் விஷயம். 'பல்கலைக்கழகத்தில் வேலை' என்று சொல்லுங்கள், அது பொய் இல்லை. ஆனால் பெண்ணிடம் மட்டும் முழுதாகச் சொல்லிவிடுங்கள்: ஊர் மாறிக்கொண்டே இருக்கும், தீபாவளி சீசனில் வரும், தேங்க்ஸ்கிவிங்கிலும் ஆட்டம் இருக்கும். கல்யாணத் தேதிக்கு நான் யோசனை சொல்கிறேன். தை, மாசி ஆகாது, மாநாடும் போர்ட்டலும் ஆள் சேர்ப்பும். சித்திரை, வைகாசியில் பள்ளி பள்ளியாகச் சுற்றுவான். ஜூன் முழுக்கப் பையன்கள் பார்க்க வருவார்கள். கோச்சுகள் மூச்சு விடுவது ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரைதான். ஆனிக் கடைசியில் ஒரு முகூர்த்தம் பார்த்து இப்போதே மண்டபத்துக்குச் சொல்லிவையுங்கள். ஆடி பிறந்தால் உங்களுக்கு ஆகாது, ஆவணி பிறந்தால் அவனுக்கு ஆகாது.